எறும்புக்குத் தம் போட்டவர்

திண்டுக்கல் பேகம்பூரில் இஷாக் மாஸ்டர் வீட்டுக் கொல்லையில் குடியிருந்த செவ்வெறும்புகள் சீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதுகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கல்யாணப் பிரியாணி ஆர்டர் எது வந்தாலும் அந்தக் கொல்லையில்தான் இஷாக் அடுப்பு மூட்டுவார். தேக்சா, அண்டா கழுவிய நெய்த்தண்ணீரும் ஆட்டுக்கொழுப்பும் வருசக்கணக்கில் ஊறிப்போன மண் அது. அதில் பிறந்து வளர்ந்த எறும்புக்குச் சீனி எப்படிப் பிடிக்கும்? முருங்கை மரத்தடியில் ஒரு புற்று, துவைகல்லுக்குப் பின்னால் ஒன்று, அடுப்புக்கல் ஓரத்தில் ஒன்று என்று மண்ணைப் பொடிப்பொடியாகக் குவித்து வைத்துக்கொண்டு, வாடகை கொடுக்கிற தோரணையில் உலாவிக்கொண்டிருந்தன. கடித்தால் தணல் பட்ட மாதிரி எரியும். மறுநாள் அந்த இடத்தில் வெள்ளைக் கொப்புளம் நிற்கும்.

இஷாக் இதையெல்லாம் கண்டுகொண்டதில்லை. நெருப்புப் பக்கத்திலேயே நின்று கால் மரத்துப்போன மனுசர். எறும்பு கடித்தால் தட்டிவிட்டு அகப்பையை எடுப்பார். இப்போது கண்டுகொள்ள வேண்டி வந்ததற்குக் காரணம் மகள் ஷாஹினா.

ஷாஹினா பேங்கில் வேலை பார்க்கிறாள். பேங்குக்குப் பக்கத்திலேயே ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸ். அங்கே ஆசாத் என்று ஒரு பையன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. அவள் சுற்றி வளைக்காமல் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அத்தாவிடம் சொல்லிவிட்டாள். இஷாக் கோபப்படவில்லை. சம்மதமும் சொல்லவில்லை. ஒரு கல்யாணத்தில் அந்தப் பையனை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். அதுதான் வினை.

"பிரியாணிய ஸ்பூன்ல திங்கிறான்மா," என்றார்.

"ஆபீஸ்ல தின்னு பழக்கமாயிருச்சுத்தா."

"கறித்துண்டுல இருக்க கொழுப்பப் பிச்சு ஓரமா ஒதுக்குறான். அவன நம்பி எப்படிப் பொண்ணு குடுக்க?"

பாஸிலாவுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து கணவர் மனிதர்களை இப்படித்தான் எடை போடுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். "மொதல்ல அவங்க வந்து பாக்கட்டும். பெறகு நீங்க பேசுங்க," என்றாள். அந்த அளவில் பேச்சு நின்றது. ஷாஹினாவுக்கு அது போதவில்லை. ஆனாலும் பொறுத்துக்கொண்டாள்.

பெரிய கவலை ஆசாத்தின் அத்தா ஜமால் முகமது. தோல் வியாபாரி. நல்ல மனுசர்தான், ஆனால் பந்தியில் மரியாதை குறைந்தால் அவருக்கு ஆகாது. பெரியவனுக்குப் பெண் பார்க்க வத்தலக்குண்டு போன இடத்தில், ஒரே சகனில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணின் சித்தப்பா போன் வந்தது என்று பாதியில் எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான். ஜமால் முகமதும் எழுந்து, கையைக் கழுவி, காரில் ஏறி ஊர் வந்து சேர்ந்துவிட்டார். அந்தச் சம்பந்தம் அன்றோடு முடிந்தது. சகன் என்றால் பெரிய தாம்பாளம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவது. அதில் ஒருத்தர் மற்றவர் முடிக்கும்வரை எழக் கூடாது என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்டவரிடமிருந்து சேதி வந்தது: அடுத்த மாதம் முதல் ஞாயிறு வருகிறோம், மாஸ்டர் கையால் சாப்பிட வேண்டும், தரையில் உட்கார்ந்து சகனில்தான் சாப்பிட வேண்டும், மேசை நாற்காலி போட்டுவிட வேண்டாம்.

உள்ளே கூடத்தில் பெண்கள் உட்கார்ந்தாலே இடம் நிறைந்துவிடும். ஆண்களுக்குக் கொல்லைதான். கொல்லையில் ஜமக்காளம் விரித்தால் அதன் மேல் மனிதர்களுக்கு முன்னால் யார் உட்காருவார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பாஸிலா முதலில் களத்தில் இறங்கினாள். பலசரக்குக் கடையில் வாங்கிய வெள்ளை எறும்புப் பொடியை மூன்று புற்று மேலும் கோலப்பொடி கணக்காகக் கொட்டினாள். மேலே இருந்த எறும்புகள் செத்தன. கீழே இருந்தவை மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு நாலு முழம் தள்ளி வேறு வீடு கட்டின. மூன்று புற்று ஐந்தானது. இஷாக் பார்த்துவிட்டு, "பொம்பளைங்களுக்கு அடுப்பு சூட்சுமம் தெரியாது," என்று சொல்லி, வடிகஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து ஊற்றினார். அதில் முருங்கையின் ஒரு பக்க வேர் வெந்து போனதுதான் மிச்சம். ராணி எறும்பு ஆழத்தில் சுகமாக இருந்து முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

ஷாஹினா பேங்கிலிருந்து வரும் வழியில் கண்ணுசாமியின் உரமருந்துக் கடையில் வண்டியை நிறுத்தினாள். கண்ணுசாமி எரியோடு ஊர்க்காரர், கேட்டதற்கு மேலேயே பேசக்கூடியவர். குருணை மருந்துப் பாக்கெட் ஒன்றை எடுத்துப் போட்டார்.

"இது விசமாக் கொல்லாதும்மா. இரை மாதிரி. எறும்பே தூக்கிட்டுப் போயி ராணிக்கு ஊட்டிரும். கொஞ்ச நாளு ஆகும், அவசரப்படாதீக. புத்து மேல கொட்டாதீக, சுத்தித் தூவுங்க. வெயில் தாழ்ந்த பெறகு தூவுங்க. தண்ணி படக் கூடாது, பொடிகிடி பக்கத்துல போடக் கூடாது. பொடிய மோந்துச்சுன்னா இரைய எடுக்காது. ஒண்ணு அது, இல்ல இது. ரெண்டும் போட்டா ரெண்டும் தண்டம்."

பாக்கெட் பின்னால் அச்சடித்திருந்ததும் அதைத்தான் சொன்னது. ஷாஹினா இரண்டு தடவை படித்தாள். ஆனால் விதி, அடுத்த நாளே பேங்கில் அவளைச் சென்னைக்கு ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது பாக்கெட்டை அத்தா கையில் கொடுத்து, கண்ணுசாமி சொன்னதை எல்லாம் ஒப்பித்துவிட்டுத்தான் போனாள். இஷாக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்தவர் சொன்ன பக்குவத்தை அவர் எப்போதும் அப்படித்தான் கேட்டுக்கொள்வார்.

அவள் பஸ் ஏறிய அன்றைக்கே, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு பாக்கெட்டைப் பிரித்தார். உள்ளே எண்ணெய் பூசின ரவை மாதிரி இருந்தது. தள்ளி வைத்து மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"என்ன பாஸிலா இது! பச்சை எண்ணெய் வாடை. உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. இத மனுசன் திம்பானா?"

"எறும்புக்குத்தான குடுக்குறீங்க?"

"எறும்புக்கு மட்டும் நாக்கு இல்லையா?"

ஒரு பிடி அள்ளித் தூவினார். திண்டுக்கல் மத்தியான வெயிலில் மண் கொதித்துக்கொண்டிருந்தது. அந்நேரத்தில் எந்த எறும்பு வெளியே வரும்? ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் சோதனைக்காக ஒரு சின்னக் கறித்துண்டை வைத்துப் பார்த்தார். கண் மூடித் திறப்பதற்குள் அது தெரியாதபடி மொய்த்துவிட்டது. இஷாக்குக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மருந்தில் குற்றமில்லை, பக்குவத்தில்தான் குறை.

வெயில்தான் காரணம் என்று ஒரு சின்னப் பிள்ளை சொல்லியிருக்கும். ஆனால் ஊரெல்லாம் மாஸ்டர், மாஸ்டர் என்று கூப்பிட்டுக் கெடுத்து வைத்திருக்கிற ஓர் ஆளிடம் அதை யார் சொல்வது?

வீட்டுப் பாத்திரத்தைத் தொடாத அளவுக்கு அவருக்குப் புத்தி இருந்தது. அதுவரை சந்தோசம். வெள்ளையடித்து மிச்சமான பெயிண்ட் டப்பா ஒன்றைக் கழுவி, கொல்லை அடுப்பில் ஏற்றினார். நெய் விட்டு, வெங்காயத்தைப் பொன்னிறமாகத் தாளித்து, கொஞ்சம் ஆட்டுக்கொழுப்பை உருக்கி, அதில் மருந்தைக் கொட்டி, குச்சியால் நுங்கும் நுரையுமாகக் கிளறினார். பிறகு மூடி போட்டு, ஓரத்தை மைதாமாவால் அடைத்து, மேலே தணலை அள்ளிப் போட்டுத் தம் வைத்தார். தம் உடைத்தபோது அடித்த வாசனைக்கு அடுத்த வீட்டு நாச்சிமுத்து சுவருக்கு மேலே தலையை நீட்டி, "பாய், இன்னைக்கு யார் வீட்டு ஆர்டரு?" என்று கேட்டார். இஷாக் டப்பாவைக் கையால் மறைத்துக்கொண்டார்.

எறும்புகள் வந்தன. சும்மா வரவில்லை, சாரை சாரையாக வந்தன. ஆளுக்கொரு பருக்கையைத் தூக்கிக்கொண்டு வரிசை கலையாமல் புற்றுக்குள் போயின. இஷாக்கின் முகத்தில் பந்தி நடத்துகிறவரின் பெருமை வந்துவிட்டது.

"பாத்தியா பாஸிலா! ஒண்ணு ஒதுக்கி வைக்குதா பாரு. இம்புட்டு ருசியாச் சாப்பிடுறவனுக்குன்னா நான் பொண்ணு குடுப்பேன்."

அந்த ஒரு வாரமும் சாயங்காலம் சாயங்காலம் இந்த விருந்து நடந்தது. நாச்சிமுத்து வீட்டு எறும்பும் சுவரேறி வந்து கலந்துகொண்டது.

ஷாஹினா திரும்பி வந்தபோது குழாயடியில் ஆறாவது புற்று முளைத்திருந்தது. எறும்பு ஒவ்வொன்றும் தளதளவென்று இருந்தது.

"அத்தா, மருந்து போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன்மா. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமத் தின்னுச்சுக."

"பெறகு ஏன் ஒண்ணும் சாகல?"

"அதான் எனக்கும் புரியல. மருந்து டூப்ளிகேட்டோ என்னவோ. நான் பக்குவமாத்தான் செஞ்சேன்."

ஷாஹினா நின்ற இடத்திலேயே நின்றாள். "செஞ்சீங்களா? என்ன செஞ்சீங்க?"

இஷாக் முதலில் நெய்யைச் சொன்னார். பிறகு வெங்காயத்தைச் சொன்னார். தம் போட்டதைச் சொல்லும்போது அவர் குரலே இறங்கிவிட்டது.

"எறும்புக்குத் தம் போட்டீங்களா?"

"மேலாக்கத்தான்மா. லேசா."

"அத்தா, அம்புட்டு சூட்டுல மருந்து மருந்தாவா இருக்கும்? அதோட வீரியம் போயிருச்சு. நெய்யும் கொழுப்பும் மட்டும் மிச்சம். ஒரு வாரமா நீங்க அதுகளுக்குக் கல்யாண விருந்து போட்டிருக்கீங்க!"

சொல்லும்போது சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரித்துக்கொண்டே துவைகல்லில் உட்கார்ந்தவள் அடுத்த நொடி துள்ளி எழுந்தாள். எழுந்தவளுக்குச் சிரிப்பு போய் அழுகை வந்துவிட்டது.

"ஆசாத் அத்தா ஒரு தடவ எந்திரிச்சுப் போயிட்டா திரும்ப வர மாட்டாங்கத்தா. எனக்கு ஆசாத்த விட்டா வேற யாரும் வேண்டாம். இது உங்களுக்கு வெளையாட்டா இருக்கு."

இஷாக்கின் சமையலில் ஒருத்தர் குறை சொல்லி, அது உண்மையாகவும் இருந்தது அன்றைக்குத்தான். மகள் அழுததை அவரால் தாங்க முடியவில்லை. கண்ணுசாமி கடைக்கு அவரே போய் இரண்டாவது பாக்கெட் வாங்கி வந்து, பிரிக்காமல் அவளிடம் கொடுத்தார்.

இந்த முறை ஷாஹினா யாரையும் கிட்டே விடவில்லை. வெயில் தாழ்ந்ததும் புற்றுகளைச் சுற்றி லேசாகத் தூவினாள். பாஸிலாவின் பொடி டப்பாவைப் பூட்டி வைத்தாள். கொல்லையில் அடுப்பு மூட்டக் கூடாது, தண்ணீர் கொட்டக் கூடாது என்று கட்டளை போட்டாள். இஷாக் ஆர்டர்களைக்கூட மண்டபத்திலேயே வைத்துச் சமைத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அடுப்புக்கல் புற்று அடங்கியது. அடுத்து துவைகல். குழாயடிப் புற்றைக் குச்சியால் தட்டிப் பார்த்தபோது உள்ளேயிருந்து ஒருத்தரும் வரவில்லை. முருங்கையடியில் மட்டும் கொஞ்சம் நடமாட்டம் இருந்தது. சனிக்கிழமை அவள் மீந்த குருணையை ஒரு மணி விடாமல் கூட்டி அள்ளினாள். ஜமக்காளத்தை முருங்கைக்கு எட்டாத தூரத்தில் விரித்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணினாள்.

எல்லாம் சரியாக இருந்திருக்கும். ஞாயிறு காலையில் இஷாக்குக்குப் புழுதி கண்ணில் பட்டது. விருந்தாளி உட்காருகிற இடத்தைச் சுற்றிப் புழுதி பறந்து சகனில் விழுந்தால் என்ன ஆகும்? ஷாஹினா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, முருங்கையடியிலிருந்து ஆரம்பித்து வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்துவிட்டார். மிஞ்சியிருந்த எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு காய்ந்த இடம் தேடிக் கிளம்பின. ஜமக்காளம் நனையக் கூடாது என்று அவர் தெளிக்காமல் விட்ட இடம் ஒன்றுதான் கொல்லையில் காய்ந்திருந்தது. அதன் மேல்தான் சற்று நேரத்தில் ஜமக்காளம் விரித்தார்கள்.

ஜமால் முகமது மச்சினரோடும் மகனோடும் வந்து இறங்கினார். கனத்த உடம்பு, வெள்ளை ஜிப்பா, கணீரென்ற குரல். சலாம் சொல்லி உட்கார்ந்தவர் இஷாக்கை விடவில்லை.

"நீங்களும் எங்க சகன்லயே உக்காருங்க மாஸ்டர். சமைச்ச கையும் சேந்து சாப்பிட்டாத்தான் ருசி."

ஒரு பக்கம் ஜமால் முகமது, எதிரே மச்சினர், முருங்கைப் பக்கமாக ஆசாத், அவனை ஒட்டி இஷாக். நடுவில் ஆவி பறக்கச் சீரகச் சம்பா பிரியாணி. பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். ஜமால் முகமது முதல் கவளத்திலேயே கண்ணை மூடித் திறந்தார். இஷாக்குக்கு உயிர் வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஆசாத்தின் நெற்றியில் வேர்வை பொடித்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. இஷாக் ஓரக்கண்ணால் பார்த்து, 'இந்தக் காரத்துக்கே இந்தப் பாடா?' என்று நினைத்துக்கொண்டார். இரக்கப்பட்டு வெங்காயப் பச்சடியை அவன் பக்கம் தள்ளினார். அப்போதுதான் அவருடைய கணுக்காலில் சுருக்கென்று ஒன்று இறங்கியது.

மெதுவாகக் குனிந்து பார்த்தார். ஜமக்காளத்தின் மடிப்புக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு கோடு கிளம்பி, ஆசாத்தின் வேட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. அதில் பிரிந்த ஒரு சிறு கிளைதான் அவர் காலுக்கு வந்திருந்தது. பையன் மடக்கிய காலைக் கொஞ்சம் அகலமாக்கி அந்தக் கோட்டின் குறுக்கே அணை கட்டின மாதிரி உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கம் அவன் அத்தாவிடம் ஒன்றும் போகவில்லை.

இஷாக் எழப் போனார். ஆசாத் பச்சடியை எடுக்கிற சாக்கில் அவர் பக்கம் சாய்ந்தான்.

"மாமா, எந்திரிச்சிராதீங்க," என்றான், உதடு அசையாமல்.

இஷாக் உட்கார்ந்தார்.

ஜமால் முகமதுவோ நிதானமாகச் சாப்பிடுகிறவர். அந்தக் காலத்துத் தோல் ஷாப்புக் கதை ஒன்றை எடுத்தார். நல்லி எலும்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தட்டி, உறிஞ்சி, மறுபடி தட்டினார். கதையில் லாரி ராணிப்பேட்டையை நோக்கிக் கிளம்பி, வழியில் பஞ்சராகி நின்றது. இஷாக்குக்கு எறும்பு முழங்கால்வரை ஏறிவிட்டது. ஆசாத் கவளம் கவளமாக எடுத்துச் சாப்பிட்டு, சரியான இடத்தில், "பெறகு என்னத்தா ஆச்சு?" என்றுகூடக் கேட்டான். குரல் மட்டும் கொஞ்சம் மெலிந்திருந்தது. இஷாக் ஜென்மத்தில் முதல் தடவையாகத் தன் பிரியாணி சீக்கிரம் தீர வேண்டும் என்று துஆ செய்தார்.

"தால்சா இன்னும் ஒரு கரண்டி இருக்குமா?" என்றார் ஜமால் முகமது.

இருந்தது. என்ன செய்ய, இஷாக் எப்போதும் கூடவே வைப்பவர்.

ஒரு வழியாக அவர் விரலைச் சூப்பி, அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, மச்சினர் கையைப் பிடித்து எழுந்து முன்பக்கம் கை கழுவப் போனார். அவர் முதுகு மறைந்த அடுத்த நொடி மாமனும் மாப்பிள்ளையும் குழாயடிக்கு ஓடினார்கள். ஆசாத் வேட்டியைத் தூக்கிக் கட்டினான். கணுக்காலிலிருந்து தொடைவரை தடித்துத் தடித்துச் சிவந்திருந்தது. இஷாக் தன் காலை மறந்துவிட்டார். வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு அவன் காலில் ஊற்றினார்.

"எம்மேல தப்புப்பா. எம்மக சரியாத்தான் மருந்து போட்டா. நான்தான் தண்ணியத் தெளிச்சுக் கெடுத்தேன்."

"பரவால்ல மாமா."

"இதென்ன கூத்து?" என்று ஒரு குரல் கேட்டது. ஜமால் முகமது ஈரக்கையோடு வந்து நின்றார். கண் மகனுடைய காலிலேயே நின்றது. நடந்ததை மறைக்க இஷாக்குக்கு வாய் வரவில்லை. "எறும்பு பாய். சகன்ல உக்காந்திருந்தப்பத்தான்," என்றார்.

"ஏன்டா, அப்பவே எந்திரிக்கிறதுக்கு என்ன?"

"நான் எந்திரிச்சா நீங்க எந்திரிச்சிருவீங்கத்தா."

"எந்திரிச்சா?"

"பெறகு இந்த வீட்டுல நான் எப்ப உக்காருறது?"

வத்தலக்குண்டு ஜமால் முகமதுவின் நினைவுக்கு வந்ததோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஜிப்பாக் கையை மடித்துவிட்டு, இஷாக்கிடமிருந்து செம்பை வாங்கி, "நீங்க உங்க காலப் பாருங்க சம்பந்தி, நான் ஊத்துறேன்," என்றார்.

கொல்லைக் கதவருகே ஷாஹினா ஐஸ் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். சம்பந்தி என்ற சொல் அவள் காதில் விழுந்துவிட்டது. ஆனாலும் அவள் ஜமால் முகமதுவைப் பார்க்கவில்லை, ஆசாத்தையும் பார்க்கவில்லை. அத்தாவைத்தான் பார்த்தாள்.

"எனக்குச் சம்மதம்மா," என்றார் இஷாக். "நல்ல பையன். ரொம்ப நல்ல பையன்."

சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எறும்புக் கடி வலி என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று அவர் அதைத் துடைக்கவில்லை.